இரண்டாயிரமும் கியாமத்தும்

அந்த நோட்டிஸின் பிரதி ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. ஊரில் யாரிடமும் இருக்குமென்று நான் நினைக்கவுமில்லை. ஆனாலும் பிஸ்மில்லாஹ்வில் தொடங்கிக் கடைசி எச்சரிக்கை வரை அது எனக்கு மனப்பாடம். ஏனென்றால் அதைக் கணனியில் அடித்தவன் நான். அடித்தது மட்டும்தான் என்று நெடுநாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

1999 டிசம்பர். ஹிஜ்ரி 1420 நோன்பு மாதம். எனக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சையில் எதிர்பார்த்த புள்ளிகள் கிடைக்காமல், திருகோணமலை நகரில் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்த ஆறு மாதக் கணனி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். குச்சவெளியிலிருந்து நகரம் இருபது மைலுக்குக் கொஞ்சம் கூட. தூரம் பெரிதல்ல. இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி பஸ் ஏறுகிற இடங்கள்தான் பெரிது. வன்னியில் ஓயாத அலைகள் மூன்று என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 18இல் கொழும்பில் ஜனாதிபதி சந்திரிகாவின் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. 21இல் தேர்தல். சோதனைச் சாவடிகளில் கெடுபிடி கூடிக்கொண்டே போனது. நோன்பு வாயோடு வெயிலில் நின்றுவிட்டு வகுப்புக்குப் போனால், ஆறு கணனிக்குப் பதினெட்டுப் பேர். ஒருவருக்கு இருபது நிமிடம் கிடைத்தால் அன்றைய நாள் நல்ல நாள்.

எங்கள் வளவுக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. இருந்தாலும் ஊருக்கு நான் 'கொம்பியூட்டர் படிக்கிற பொடியன்'. மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்தால் கேள்விகள் வரும்.

"மனே, ரெண்டாயிரம் பொறந்தா கொம்பியூட்டரெல்லாம் செத்துப் போகுமாமே, மெய்யா?"

நான் அடையாள அட்டையை எடுக்கச் சொல்வேன். அது எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கும். தொழுகைக்கு வரும்போது தொப்பியை மறந்தாலும் அட்டையை மறக்க முடியாத காலம். முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களென்றால் அந்த எண்ணோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். "இந்தா, உங்கட அட்டையில 41 எண்டு இரிக்கி. ஆயிரத்துத் தொளாயிரம் எங்க இரிக்கி? இல்லத்தானே. கொம்பியூட்டரும் இப்படித்தான். ஆதியில அதுக்குள்ள இடம் காணாது. அதால ரெண்டு இலக்கம் மட்டும் எழுதிப் பழகிட்டாங்க. 99க்குப் பொறகு 00 வந்தா அது 1900 எண்டு நெனச்சிரும்."

இது சரியான விளக்கம்தான். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். கணனியின் நினைவகம் பொன் விலை விற்ற காலத்தில், எண்பது நிரல் கொண்ட துளை அட்டைகளில் விபரம் பதிந்தவர்கள் 19ஐ மிச்சம்பிடித்தார்கள். தாங்கள் எழுதும் செய்நிரல் நூற்றாண்டின் கடைசி வரை உயிரோடிருக்கும் என்று அவர்கள் எண்ணவில்லை. நம் நாட்டு அடையாள அட்டையிலும் இந்தக் குறை 2016 வரை இருந்தது. அந்த வருடம்தான் நான்கு இலக்க வருடத்தோடு பன்னிரண்டு இலக்க எண் வந்தது. பதினாறு வருடம் பிந்திய திருத்தம். யாரும் பயப்படவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை.

பயம் என்பது கணக்கைப் பொறுத்து வருவதில்லை. எங்கள் ஊருக்குப் பயம் வேறு வழியாக வந்தது.

என் உம்மும்மாவின் நம்பிக்கையில் உலகம் ஹிஜ்ரி பதினாலாம் நூற்றாண்டோடு முடிந்திருக்க வேண்டும். கிதாபில் அதற்கு மேல் கணக்கில்லை என்று அவருடைய வாப்பா சொல்லியிருந்தாராம். எந்தக் கிதாபு என்று அவர் கேட்டதில்லை. 1400 பிறந்த முஹர்ரம் முதல் நாள், 1979 நவம்பர் 20இல், மக்காவின் ஹரம் ஷரீபை ஜுஹைமான் அல்-உத்தைபியின் ஆட்கள் துப்பாக்கிகளோடு பிடித்துக்கொண்டு, தங்களில் ஒருவரான முஹம்மத் அல்-கஹ்தானியை மஹ்தி என்று அறிவித்தார்கள். இரண்டு வாரம் சண்டை. அந்த மஹ்தி கொல்லப்பட்டார். வானொலியில் இந்தச் செய்தி வந்தபோது உம்மும்மா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை என்று உம்மா சொல்வார். அதே வருடம் ஜூலையில்தான் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்ணில் இருந்து விழப்போகிறது என்ற பரபரப்பும். எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தங்கள் தலையில்தான் விழும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் வீட்டுக் கோழிகள் அத்தனையும் அந்தக் கிழமை அறுக்கப்பட்டன. மௌத்தாகப் போகிறவர்கள் கோழியை யாருக்கு விட்டுவைப்பது? ஜூலை 11இல் அது இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. நான் அப்போது தொட்டிலில். முட்டை இல்லாமல் வளர்ந்த பிள்ளை என்று என்னைக் கேலி செய்வார்கள்.

இவற்றைச் சிரிப்பாகச் சொல்லலாம். ஆனால் இதே உம்மும்மா 1990இல் போர் மூண்டு ஊரே பெயர்ந்தபோது ஒரு குர்ஆனையும் ஓர் அரிசிச் சட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவர். தாய் பிள்ளையை மறக்கும் நாள், வீடுகள் சூனியமாகும் நாள் என்றெல்லாம் பயானில் கேட்டதை வீதியில் கண்டவர்கள் எங்கள் ஊரார், தமிழரும் முஸ்லிம்களும். அவர்களிடம் போய் உலகம் அவ்வளவு இலேசில் முடியாது என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது?

நோன்பு பத்துப் பதினைந்து இருக்கும். வெளியூரிலிருந்து வந்துபோகும் ஒரு பெரியவர், நல்ல மனிதர், இரண்டு ஃபுல்ஸ்கெப் தாள்களை என்னிடம் தந்தார். கையெழுத்தில் இருந்த ஒரு நோட்டிஸ். "இத கொம்பியூட்டர்ல அழகா அடிச்சு நூறு பிரதி எடுத்துத் தாங்க மகன். செலவுக்கு மேல நூற்றைம்பது ரூபா தாறன்."

வாசித்ததும் அடையாளம் தெரிந்தது. மதீனாவில் ரவ்ழா ஷரீபின் காவலர் ஷெய்க் அஹ்மத் கண்ட கனவு. ரஸூலுல்லாஹ் (ஸல்) கனவில் தோன்றி உம்மத்தை எச்சரித்ததாகவும், இத்தனை பிரதி எடுத்துப் பரப்பியவன் செல்வந்தனானதாகவும், பொய்யென்று எறிந்தவன் பிள்ளையை இழந்ததாகவும் சொல்லும் அதே கடிதம். இதன் வயது பலருக்குத் தெரியாது. 1880களில் ஒல்லாந்தர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் இந்தக் கடிதம் பரவியதைப் பற்றி அந்நாட்டு அறிஞர் சினூக் ஹர்கிரோன்யே அக்காலத்திலேயே எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கு மேலாக அதே காவலர் அதே கனவைக் கண்டுகொண்டிருந்தார். சவூதியின் தலைமை முஃப்தியாயிருந்து 1999 மே மாதம் காலமான ஷெய்க் இப்னு பாஸ், இது பொய் என்று தனி மறுப்பே எழுதியவர். இவையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது, இதை உம்மாவின் ரங்குப் பெட்டியில் பார்த்திருக்கிறேன் என்பது மட்டும்தான்.

பழைய கடிதத்தோடு புதிதாக ஒரு பகுதி ஒட்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு பிறக்கும் இரவு உலகத்தின் இயந்திரங்கள் குருடாகும்; வீடு தோறும் வைத்திருக்கும் ஒற்றைக் கண் பெட்டி தஜ்ஜாலின் கண்; அது மூடும்போது அவன் வெளிப்படுவான். இந்த வகையில்.

எனக்கு அந்தத் தமிழ் பிடிக்கவில்லை. இருபது வயதில் நான் கவிதையும் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். வசனங்களைக் கொஞ்சம் ஒழுங்கு செய்தேன். பாமினி எழுத்துருவில் தலைப்பைப் பெரிதாகப் போட்டுச் சுற்றிவர ஒரு பூவேலைக் கரையும் வைத்தேன். எல்லாம் முடிந்த பின்னும் தாளின் அடியில் நாலு விரல் இடம் மிச்சமிருந்தது. அந்த வெற்றிடம்தான் என்னைக் கெடுத்தது. 'விஞ்ஞானிகளும் கூறுகின்றனர்' என்று ஓர் உபதலைப்புப் போட்டு, திண்ணையில் சொன்ன இரண்டு இலக்க விளக்கத்தை எழுதினேன். அதன் கீழே, மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோகலாம், விமானங்கள் விழலாம், வங்கிகளில் உள்ள கணக்குகள் அழிந்துபோகலாம் என்று முடித்தேன்.

'போகலாம்' என்றுதான் எழுதினேன். 'போகும்' என்று எழுதவில்லை. அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் நான் பல வருடம் ஒளித்திருந்திருக்கிறேன்.

நூறு பிரதியும் இரண்டு நாளில் தீர்ந்தன. பிறகு யாரோ மேலும் போட்டோப் பிரதி எடுத்தார்கள். கையெழுத்துக் கடிதமாய் இருந்தவரை அதை நம்பாதவர்களும் இதை நம்பினார்கள். "இது கொம்பியூட்டர்லயே வந்திரிக்கி" என்று ஒருவர் தாளைத் தட்டிக் காட்டியதை நானே கேட்டேன். கணனி சாகப்போகிறது என்பதற்குக் கணனியே சாட்சி. அந்த நேரம் எனக்கு வெட்கம் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமிதம்தான் இருந்தது.

டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை. நோன்பின் கடைசிப் பத்து. ஜும்ஆவில் மௌலவி நோட்டிஸைப் பெயர் சொல்லாமல் தொட்டார். இரண்டாயிரம் யாருடைய கணக்கு, நமக்கு இது 1420 அல்லவா என்று கேட்டார். கியாமத் எப்போது என்று ஜிப்ரீல் (அலை) கேட்டபோது நபியவர்களே தமக்குத் தெரியாது என்று சொன்ன சம்பவத்தை நினைவுபடுத்தினார். அதே கேள்வியைக் கேட்ட ஒரு நாட்டுப்புறத்தவரிடம், அதற்கு நீ என்ன ஆயத்தம் செய்து வைத்திருக்கிறாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்டதையும் சொன்னார். நல்ல குத்பா. ஆனால் சபை அதைத் தன் போக்கில் விளங்கிக்கொண்டது. ஜும்ஆ முடிந்ததும் பாதிப் பேர் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய்க்கும் தீப்பெட்டிக்கும் போனார்கள். ஆயத்தம்!

அன்று பின்னேரம் வானொலியை விட்டு நான் நகரவில்லை. நமது நேரம் ஐந்து மணிக்கு நியூசிலாந்தில் நள்ளிரவு. அங்கே இரண்டாயிரம் பிறந்துவிட்டது, வெளிச்சம் அணையவில்லை என்று செய்தி வந்தது. நாங்கள் இன்னும் நோன்பு திறக்கவில்லை. ஓடிப்போய்ப் பள்ளியில் சொன்னேன். "நியூசிலாந்துக்கும் நமக்கும் என்ன மனே சம்பந்தம்?" என்றார் ஒருவர். இன்னொருவர் கேட்டதுதான் எனக்கு இன்றும் நிற்கிறது: "அப்ப கியாமத்து நாட்டுக்கு நாடு நேரம் பாத்து வருமா?" கேலியாகக் கேட்டாரா, மெய்யாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. அந்த ஒரு கேள்வி என் நோட்டிஸ் முழுவதையும் கிழித்துப் போடப் போதுமானது. ஆனால் அந்த இரவில் யாரும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே யோசிக்கத் தயாராயில்லை.

தராவீஹுக்குப் பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பெண்கள் பக்கத்து மத்ரஸாக் கட்டடத்தில். பெற்றோமெக்ஸின் இரைச்சல். கடலின் இரைச்சல். இராக் கடலுக்குப் போகத் தடை என்பதால் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. யாரோ ஒருவரின் கைக்கடிகாரம் பன்னிரண்டுக்கு இரண்டு தரம் கீச்சிட்டது. அடுத்த கணம் வானம் வெடித்தது.

தொடர்ச்சியான வேட்டு. வெளியே சிவப்பாய், பச்சையாய் வெளிச்சம். மத்ரஸாவிலிருந்து பெண்களின் ஓலம் எழுந்தது. என் பக்கத்தில் இருந்த கிழவர் ஷஹாதாக் கலிமாவை உரத்துச் சொன்னபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியின் வலி எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. அந்தக் கணத்தில் நானும் நம்பினேன். இரண்டு இலக்கமும் நூற்றைம்பது ரூபாவும் மறந்துபோய், என் கையால் அடித்தது என் தலைமேல் வந்துவிட்டது என்றே நம்பினேன்.

முகாமில் புதுவருடம் கொண்டாடினார்கள். நாலைந்து நிமிடத்தில் வேட்டு ஓய்ந்தது. தூரத்தில் யாரோ சிங்களத்தில் சிரித்துக் கத்துவது கேட்டது. பள்ளிக்குள் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். பிறகு ஸஹருக்கு நேரம் இருக்கிறது என்று கலைந்து போனார்கள்.

உலகத்தில் ஒன்றுமே நடக்காமலில்லை. ஜப்பானில் ஒனகாவா அணுமின் நிலையத்தில் நள்ளிரவு கழிந்த சில நிமிடங்களில் ஓர் எச்சரிக்கை மணி அடித்தது, ஆபத்து ஏதுமில்லை. நியூயோர்க் மாநிலத்தில் வீடியோப் படம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தவருக்கு நூறு வருடத் தாமதக் கட்டணம் என்று 91,250 டொலர் பில் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கர்ப்பிணிகளுக்கான ஒரு பரிசோதனையில் தாயின் வயதைக் கணனி தவறாகக் கணித்து, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பிழையான முடிவு போனது. இது சிரிக்கிற விஷயமல்ல. நடக்காமல் போனவற்றுக்கும் காரணமுண்டு. உலகெங்கும் இதைச் சரிசெய்ய 300 முதல் 600 பில்லியன் டொலர் வரை செலவாகும் என்று கார்ட்னர் நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வருடக்கணக்காகப் பழைய கோபோல் செய்நிரல்களை வரிவரியாகத் திருத்தினார்கள். பயம் பொய்யாகவில்லை. ஆட்கள் வேலை செய்தார்கள்.

பயத்தை விற்றவர்களும் இருந்தார்கள். அமெரிக்கப் போதகர் ஜெரி ஃபோல்வெல் கிறிஸ்தவர்களுக்கு இதுபற்றி வீடியோ நாடா விற்றார். இயேசுவின் வருகையை எதிர்பார்த்து ஜெரூசலத்துக்குப் போயிருந்த அமெரிக்கக் குழுவொன்றை 1999 ஜனவரியில் இஸ்ரேல் நாடுகடத்தியது. உகண்டாவின் கனுங்குவில் 1999ஓடு உலகம் முடியும் என்று சொன்ன ஒரு சபை, அது முடியாமல் போனதும் 2000 மார்ச் 17இல் தன் ஆட்களையே தேவாலயத்துக்குள் அடைத்து எரித்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இனி மாமியின் கதை.

எங்கள் வளவுக்கு அடுத்த வளவு. பன் பாய் இழைப்பதால் 'பாய்க்கார மாமி'. கணவர் கடலில் மௌத்து. ஒரே மகள் சவூதிக்குப் பணிப்பெண்ணாய்ப் போய் இரண்டு வருடம் அனுப்பிய காசு, நகரத்தில் ஒரு வங்கியில் மாமியின் பெயரில் கிடந்தது. 46,000 ரூபா. கல்வீடு கட்டுவதற்கு. டிசம்பர் கடைசிக் கிழமை மாமி என் நோட்டிஸை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார். அத்தனை சாவடியிலும் இறங்கி ஏறினார். காசு முழுவதையும் எடுத்துவந்து ரங்குப் பெட்டிக்குள் ஒரு லக்ஸ்பிறே டின்னில் வைத்துப் பூட்டினார். எனக்கு இது பெருநாள் கழிந்த பின்தான் தெரியும்.

"மாமி, ஒண்டும் நடக்கல்லத்தானே. திரும்பக் கொண்டு போய்ப் போட்டுருவம்."

"இரிக்கட்டும் மனே. நீதானே எழுதியிருந்தாய், அழிஞ்சு போகுமெண்டு. இந்த வருஷம் தப்பிச்சு. வாற வருஷம்?"

'அழிஞ்சு போகலாம்' என்று எழுதியதை விளக்க முயன்றேன். நோட்டிஸில் கனவும் தஜ்ஜாலும் இருந்தன. மாமி அவற்றுக்காக அழுதார், தவ்பாச் செய்தார், அதோடு சரி. அவரைப் பஸ் ஏற்றியது அந்த நாலு விரல் இடத்தில் நான் சேர்த்த வரி. பழைய கடிதத்தை மட்டும் அப்படியே அடித்துக் கொடுத்திருந்தால் மாமியின் காசு வங்கியிலேயே இருந்திருக்கும்.

மகள் வந்தபின் கொஞ்சம் எடுத்து அத்திவாரம் போட்டார்கள். மிச்சம் பெட்டியிலேயே இருந்தது. நான் கொழும்புக்குப் போய் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளனானேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நமது நேரப்படி காலை 6.58க்குச் சுமாத்ராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. கால் மணித்தியாலத்துக்குள் ஹவாயிலிருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நில அதிர்வைப் பதிந்து அறிக்கை விட்டது. அதில் பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றிருந்தது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கழித்து வந்த இரண்டாவது அறிக்கை, நடுக்கம் நிகழ்ந்த இடத்தருகே சுனாமி சாத்தியம் என்றது. அலை அப்போதுதான் எங்கள் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அன்று இல்லை, 2006இல்தான் வந்தது. கணனிகள் ஒன்றும் செத்துப்போகவில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. குச்சவெளிக்குச் சொல்ல ஒரு கம்பி இருக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். நிலாவெளிக்கு அப்பால் பெரும்பாலும் நடை. நாட்டில் 35,000க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. எங்கள் ஊரின் ஜனாஸாக்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. மாமி தப்பியிருந்தார். மகளும் தப்பியிருந்தார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல் இரண்டு வரிசை மட்டும் நின்றது. ரங்குப் பெட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை.

மாமி என்னைக் கண்டதும் எழுந்து வந்து கன்னத்தைத் தடவினார். "நீ போட்டிருந்ததுதானே மனே. நாள்தான் பிசகிப் போச்சு."

ஐந்து வருடம் பிந்தி வந்தாலும் மாமிக்கு அது நோட்டிஸில் இருந்ததுதான். இயந்திரம், அலை என்ற வித்தியாசமெல்லாம் அவருக்கு இல்லை. அவருடைய கண்ணில் நான் முன்கூட்டியே அறிந்தவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தலை நிமிர்த்தவில்லை. நான் எழுந்தபோதுதான் மெல்லக் கேட்டார்: "அந்தத் தாள அடிக்க எவ்வளவு எடுத்தீங்க காக்கா?"

நான் சொன்னேன். நூற்றைம்பது.

அடுத்த மாதம் அந்தப் படம் வந்தது. சுனாமியன்று களுத்துறைக் கடற்கரையை குவிக்பேர்ட் செய்மதி எடுத்தது. கரையிலிருந்து பின்வாங்கும் அலையின் நுரை அறபு எழுத்தில் 'அல்லாஹ்' என்று தெரிகிறது என்று கொழும்பில் ஓர் இஸ்லாமிய நிலையத்தைச் சேர்ந்தவர் சொல்ல, ஏ.எஃப்.பி. செய்தியாக்கி உலகெங்கும் போனது. ஊரிலிருந்து இரண்டு பேர் பிரதியோடு என் அச்சகத்துக்கே வந்துவிட்டார்கள். "இது கொம்பியூட்டர்ல செஞ்சதா, மெய்யானதா? நீங்க சொன்னாச் சரி." படம் மெய்யானதுதான். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். பெரிதாக்கப் பெரிதாக்க எழுத்துப் போய் நுரையானது, நுரை போய்ச் சதுரங்களானது. அவர்கள் பெரிதாக்காத அளவில் ஐம்பது பிரதி கேட்டார்கள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. பக்கத்துக் கடையில் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோபம் அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

2020 நோன்பில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. நடு நோன்பின் வெள்ளிக்கிழமை வானத்திலிருந்து ஒரு பேரோசை கேட்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றியது. அந்தச் செய்தியை இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்து எட்டு நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்த அந்த வருடத்தில், ஓசை கேட்டால் நல்லது என்று சொன்னவர்களையும் நான் அறிவேன்.

நாடு திறந்த பிறகு ஊருக்குப் போயிருந்தேன். மாமிக்கு எண்பது நெருங்கியிருந்தது. தொண்டு நிறுவனம் ஒன்று கட்டிக்கொடுத்த வீட்டின் விறாந்தையில் பன்னைக் கிழித்துக்கொண்டிருந்தார். பேரனின் தொலைபேசியில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார். அதில் அவருக்குத் திருப்தியில்லை.

"எழுத்தில இருந்தாத்தான் மனே மனசில நிக்கிது. உன்ட அந்தத் தாள் கடலோட போச்சு. இன்னொண்டு எடுத்துத் தாவன்."

அது ஒரு பிளொப்பியில் இருந்தது, இப்போது அதை வாசிக்கிற கணனி என்னிடம் இல்லை என்றேன். மெய்தான். மாமி பன்னைக் கீழே வைத்தார்.

"அதுக்கென்ன. நீதானே எழுதினாய். பாடமா இரிக்குமே. கையால எழுதித் தா."

உள்ளே மகள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பேரன் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து நீட்டினான். பேனையும் அவனே தந்தான்.